முடக்குவாதத்தின் வம்சாவளி

துடியலூர்ப் பக்கம் காலையில் விரல் மடங்காமல் தவிக்கும் பெண்களிடம் காரணம் கேட்டால், "பச்சத் தண்ணில பொழங்குனதுதானுங்க" என்பார்கள். வாய்வு என்பவர்களும் உண்டு, முன்ஜென்மப் பாவம் என்பவர்களும் உண்டு. ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு பெண்களுக்கு வரும் நோய் இது. பழியும் அவர்கள் தலையிலேயே விழுந்தது.

முடக்குவாத ஆராய்ச்சியில் கோவைக்குத் தனி இடம் உண்டு. 1977-இல் உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இரண்டின் துணையோடு இங்குள்ள ஆயுர்வேத அறக்கட்டளையில் ஓர் ஆய்வு தொடங்கி ஏழாண்டு நடந்தது. பிறகு 43 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து ஆயுர்வேதம், மெத்தோட்ரெக்ஸேட், இரண்டும் சேர்த்து என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான முடிவில் மூன்றுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். சின்ன முன்னோட்ட ஆய்வு. இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு ஆய்வுகளும் கேட்டது, எதைக் கொடுத்தால் நோய் அடங்கும் என்று. யாருக்கு வரும், ஏன் வரும் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கான முதல் துப்பு 1969-இல் அமெரிக்காவில் கிடைத்தது. முன்பின் தெரியாத இரண்டு பேரின் வெள்ளணுக்களைக் கலந்தால் அவை ஒன்றையொன்று அந்நியன் என்று கண்டு சீறும். முடக்குவாத நோயாளிகளின் அணுக்களைத் தங்களுக்குள் கலந்தபோது அந்தச் சீற்றம் குறைவாக இருந்ததை அஸ்தோர்காவும் வில்லியம்ஸும் கவனித்தார்கள். ஏதோ பங்காளிகளைப் பார்த்த மாதிரி! டல்லஸில் பீட்டர் ஸ்டாஸ்ட்னி இதைத் தொடர்ந்து போய், 1978-இல் அந்தப் பங்காளி அடையாளம் எச்.எல்.ஏ. டி.ஆர்.4 என்றார்.

எச்.எல்.ஏ. என்பது ஒரு தட்டு மாதிரி. புரதத் துணுக்குகளை ஏந்தி டி அணுவின் ஏற்பிக்குக் காட்டும். ஏற்பி, இது நம்மளதா வெளியாளா என்று பார்க்கும். 1987-இல் கிரெகர்சன், சில்வர், வின்செஸ்டர் மூவரும் அந்தத் தட்டின் ஓரத்தில் 70 முதல் 74 வரையுள்ள ஐந்து அமினோ அமிலங்களைச் சுட்டினார்கள். நோயாளிகள் பலரிடம் அந்த இடம் ஒரே சாயலில் இருந்தது.

ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே கணக்கு இல்லை. 1996-இல் இந்திய நோயாளிகளிடம் டி.ஆர்.பி.1 மரபணுவின் 04:05, 10:01 வகைகள் நோயோடு தொடர்புடையவை என்று தெரிந்தது. 2004-இல் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்டுபிடித்த பி.டி.பி.என்.22 மரபணு மாற்றமோ ஆசியர்களிடம் அநேகமாக இல்லவே இல்லை. நம்மாட்களின் ரத்தத்தை நாம்தான் படித்தாக வேண்டும். புதுச்சேரி ஜிப்மரில் தென்னிந்தியத் தமிழ் நோயாளிகளை வைத்து அப்படிப்பட்ட ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

மரபணுவே விதி என்றும் ஆகிவிடாது. ஒட்டுமொத்த மரபணுவும் ஒன்றாக உள்ள இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேருக்குத்தான். புகையிலைப் புகை போன்ற வெளிக் காரணங்களும் சேர வேண்டும்.

பச்சத் தண்ணியில் பாத்திரம் கழுவியதால் இந்த நோய் வருவதில்லை. காலையில் எழுந்ததும் விரல் ஒரு மணி நேரத்துக்கு மேல் மடங்காமல், அதுவும் வாரக்கணக்கில் நீடித்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்ற முடியும். 'நான் என்ன பாவம் பண்ணுனேன்' என்று உட்கார்ந்திருக்கும் மாதங்களில்தான் எலும்பு அரிக்கிறது.