மலை அதேதான், கதைதான் மாறியது

சிறு வயதில் ஏறி மகிழ்ந்த ஒரு சவாரியை மாற்றினால் மனம் வலிக்கத்தான் செய்யும். அந்த வலி நியாயமானதா? இதுவே நம் இன்றைய கேள்வி.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1989-இல் தொடங்கியது ‘ஸ்பிளாஷ் மவுண்டன்’. முயல், நரி, கரடி பொம்மைகளுக்கு நடுவே மரக்கட்டைப் படகு மிதந்து சென்று, இறுதியில் சுமார் 50 அடி கீழே பாயும். 1992-இல் ஃபுளோரிடாவிலும் டோக்கியோவிலும் இச்சவாரி அமைந்தது.

அந்தப் பாத்திரங்கள் 1946-இல் வெளிவந்த ‘சாங் ஆஃப் தி சவுத்’ படத்தில் வந்தவை. கறுப்பின மக்களின் தோட்ட வாழ்க்கையைப் பொய்யாக இனிமைப்படுத்துகிறது என அப்போதே கண்டனம் எழுந்தது. அதில் கதை சொல்லும் முதியவராக நடித்தவர் ஜேம்ஸ் பாஸ்கெட். இன ஒதுக்கல் நிலவிய அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவரால் செல்ல முடியவில்லை. 1948-இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது கிடைத்தது. அப்படம் அமெரிக்காவில் வீடியோவாக வெளிவரவே இல்லை.

2020-இல் மாற்றம் அறிவிக்கப்பட்டதும் ரசிகர்கள் இரு பிரிவானார்கள். படத்தையே பார்க்காத தங்களுக்கு அது இளமை நினைவு என்றனர் ஒரு சாரார். அந்த மகிழ்ச்சிக்கு அடியில் பிறரின் அவமானம் இருக்கிறது என்றனர் மறு சாரார். 2024-இல், டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசியான டியானாவின் கதையோடு அமெரிக்காவின் இரு பூங்காக்களிலும் சவாரி மீண்டும் திறக்கப்பட்டது. பாய்ச்சல் மட்டும் பழையபடியே!

மாற்றியது சரி என்பதே என் கருத்து. ஆனால், பழைய பொம்மைகளோடு பாஸ்கெட்டின் பெயரும் மறைந்துவிடக் கூடாது. அன்று வாசலில் நிறுத்தப்பட்டவரை இன்று நாமும் மறந்தால், அது இரண்டாவது அநீதி அல்லவா? சிந்திப்போம், நேயர்களே.