அளவுகோலிலிருந்து ஆய்வுக்கு: லண்டனில் கல்வி உளவியலாளர் பயிற்சியின் வளர்ச்சி

முன்னுரை

வகுப்பில் பின்தங்கும் குழந்தையைப் பற்றிக் கல்வி உளவியலாளர் எழுதும் அறிக்கை, அந்தக் குழந்தை எந்தப் பள்ளியில், எத்தகைய உதவியோடு படிக்கும் என்பதையே தீர்மானிக்க வல்லது. இத்தனை பொறுப்புடைய ஒருவர் எங்கே, எவ்வளவு காலம், எதைக் கற்றிருக்க வேண்டும்? இத்தொழில் பிரிட்டனில் தோன்றிய நகரமான லண்டனின் அனுபவத்தை வைத்து இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒவ்வொரு காலகட்டத்திலும் சட்டமும் நிர்வாகமும் பொறுப்பை முதலில் ஒப்படைத்தன. அதற்கேற்ற பயிற்சி பிறகே வந்தது. அந்த இடைவெளியில் பாதிக்கப்பட்டவர்கள் குழந்தைகள் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

1. அளத்தலும் உற்றுநோக்கலும்

1913இல் லண்டன் கவுண்டி கவுன்சில் சிரில் பர்ட்டைப் பகுதிநேர உளவியலாளராக நியமித்தது. பிரிட்டனில் ஒரு கல்வி நிர்வாகம் உளவியலாளரைப் பணியமர்த்தியது அதுவே முதல்முறை. கட்டாயக் கல்வி எல்லாக் குழந்தைகளையும் பள்ளிக்குள் கொண்டுவந்திருந்தது. அவர்களில் யாரைச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவது என்பது நிர்வாகத்தின் கவலை. இப்பணிக்கென்று தனிப் பயிற்சி ஏதும் அன்று இல்லை. பர்ட் தமக்கான கருவிகளைத் தாமே உருவாக்கினார். அவர் வகுத்த தேர்வுகள் 1921இல் ‘மென்டல் அண்ட் ஸ்கொலாஸ்டிக் டெஸ்ட்ஸ்’ என்ற நூலாக வந்தன. 1930களின் தொடக்கத்தில் அவர் ஸ்பியர்மனுக்குப் பின் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் உளவியல் பேராசிரியரானபோது, நுண்ணறிவு அளவிடத்தக்கது, பெரிதும் பிறவியிலேயே அமைவது என்ற நம்பிக்கையும் அவரோடு வகுப்பறைக்குச் சென்றது. பர்ட் 1971இல் மறைந்த பிறகு, அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக அவர் காட்டிய இரட்டையர் ஆய்வுத் தரவுகள் கடும் ஐயத்துக்குள்ளாயின. 1979இல் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய லெஸ்லி ஹெர்ன்ஷா, தரவுகளில் புனைவு இருந்தது என்ற முடிவுக்கே வந்தார்.

இதற்கு இணையாக வேறொரு மரபும் லண்டனில் வளர்ந்தது. அமெரிக்காவின் காமன்வெல்த் நிதியம் தந்த பணத்தில் 1929இல் இஸ்லிங்டன் பகுதியில் குழந்தை வழிகாட்டு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் மூவரும் ஒரே குழந்தையைச் சேர்ந்து ஆராய்ந்த அந்த மையம், பயிற்சிக் களமாகவும் விளங்கியது. 1933இல் லண்டன் கல்வியியல் நிறுவனத்தில் குழந்தை வளர்ச்சித் துறையைத் தொடங்கிய சூசன் ஐசக்ஸ், குழந்தை விளையாடும்போதும் பேசும்போதும் கேள்வி கேட்கும்போதும் அருகிருந்து பதிவுசெய்வதை ஆய்வுமுறையாகவே கற்பித்தார். பர்ட் குழந்தையின் இடத்தை மதிப்பெண்ணில் கண்டார். ஐசக்ஸ் அதன் வளர்ச்சியை அன்றாடச் செயல்களில் கண்டார். பின்னாளைய பயிற்சி முழுவதும் இவ்விரண்டின் இழுபறியாகவே அமைந்தது.

2. ஆசிரியர்களிலிருந்து வந்தவர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உள்ளாட்சிகளில் உளவியலாளர்களின் தேவை கூடியது. உளவியல் பட்டம், ஆசிரியர் தகுதி, சில ஆண்டு வகுப்பறை அனுபவம், அதன்மேல் ஓராண்டு முதுநிலைப் பயிற்சி என்ற பாதை உறுதிப்பட்டது. 1968இல் பேராசிரியர் ஆர்தர் சம்மர்ஃபீல்டு தலைமையிலான குழு, 10,000 குழந்தைகளுக்கு ஒரு கல்வி உளவியலாளராவது வேண்டும் என்றும், பயிற்சி இடங்களைப் பெருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஒருவர் 10,000 குழந்தைகளைப் பார்ப்பதே இலக்காக இருந்த காலத்தில், சில மணி நேரத் தேர்வும் ஒரு நுண்ணறிவு ஈவும் பணியின் மையமாகிப்போனதில் வியப்பில்லை.

3. 1971: ஒரு சிறுநூல் எழுப்பிய கேள்வி

கிழக்கு லண்டனின் சிறப்புப் பள்ளிகளில் கற்பித்த கிரெனடா நாட்டவரான பெர்னார்ட் கோர்ட், 1971இல் நியூ பீகன் புக்ஸ் வழியாக ஒரு சிறுநூலை வெளியிட்டார். கரீபியக் குடும்பங்களின் குழந்தைகள் ‘கல்வியில் இயல்புநிலைக்குக் கீழானோர்’ என்று முத்திரையிடப்பட்டு, தங்கள் விகிதத்தைவிட மிக அதிகமாகச் சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். தேர்வின் சொற்களும் படங்களும் ஆங்கிலேய நடுத்தரக் குடும்பத்தின் உலகிலிருந்து வந்தவை. சோதிப்பவருக்குக் குழந்தையின் பேச்சுவழக்கும் வீடும் தெரியாது. அப்படியிருக்க, குறைவான மதிப்பெண் குழந்தையின் திறனைக் காட்டுகிறதா, சோதிப்பவரின் அறியாமையைக் காட்டுகிறதா? கலிபோர்னியாவில் ‘லாரி பி.’ வழக்கு இதே கேள்வியை நீதிமன்றத்தில் எழுப்ப, 1979இல் தீர்ப்பு கறுப்பினக் குழந்தைகளின் பக்கம் வந்தது. கருவியைக் கையாளக் கற்பித்த பயிற்சி, அதை ஐயுறக் கற்பிக்கவில்லை என்பதைக் கோர்ட்டின் நூல் வெளிப்படுத்தியது.

4. சட்டம் தந்த அதிகாரம்

1978இல் அரசுக் குழு ஒன்று அளித்த வார்னக் அறிக்கை, குறைபாட்டு வகைகளாகக் குழந்தைகளைப் பிரிப்பதை விடுத்து, ‘சிறப்புக் கல்வித் தேவை’ என்று நோக்கச் சொன்னது. அதைத் தழுவிய 1981ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 1983இல் நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் தேவைகளை அதிகாரபூர்வமாக வரையறுக்கும் ஆவணத்துக்குக் கல்வி உளவியலாளரின் கருத்து கட்டாயமானது. ஒரு காலத்தில் மருத்துவருக்கு இருந்த செல்வாக்கு இவர் கைக்கு வந்தது. பயிற்சியோ இன்னும் ஓராண்டுதான். அது மூன்றாண்டாவதற்கு மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் ஆனது.

5. முனைவர் பட்டம்

2006இல் இங்கிலாந்தில் ஓராண்டு முதுநிலைப் படிப்பின் இடத்தில் மூன்றாண்டு முனைவர் பட்டப் பயிற்சி வந்தது. ஆசிரியர் தகுதி கட்டாயம் என்ற விதி நீங்கியது. உளவியல் பட்டமும் குழந்தைகளோடு பணியாற்றிய அனுபவமும் போதுமானவையாயின. லண்டனில் யுனிவர்சிட்டி கல்லூரி, கிழக்கு லண்டன் பல்கலைக்கழகம், எசெக்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்த டாவிஸ்டாக் நிறுவனம் ஆகியவை இப்பட்டத்தை வழங்குகின்றன. முதலாண்டில் பெரும்பாலும் பல்கலைக்கழகக் கல்வி. அடுத்த ஈராண்டுகளில் உள்ளாட்சிப் பணியில் மேற்பார்வையோடு பயிற்சி, கூடவே சொந்த ஆய்வேடு. 2009 ஜூலை முதல் ‘கல்வி உளவியலாளர்’ என்பது சட்டப் பாதுகாப்புடைய பெயர். பதிவு பெறாதவர் அதைப் பயன்படுத்த முடியாது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களது பணி எல்லையைப் பிறப்பு முதல் 25 வயது வரை விரித்தது.

இம்மாற்றத்தில் இழப்பும் உண்டு. முப்பது குழந்தைகள் கொண்ட வகுப்பை நாள்தோறும் நடத்திய கைப்பழக்கம் இன்று எல்லாப் பயிற்சியாளருக்கும் இல்லை. ஆனால் பெற்றது பெரிது: ஆய்வேடு எழுதிப் பழகியவர், ஒரு தேர்வு யாரை வைத்துத் தரப்படுத்தப்பட்டது என்று கேட்காமல் அதன் எண்ணை ஏற்கமாட்டார். உளவியலாளர் வைகாட்ஸ்கியின் சிந்தனையில் வேரூன்றிய இயங்குநிலை மதிப்பீடு, குழந்தைக்குத் தனியே என்ன தெரியும் என்பதோடு நிற்காமல், கற்றுக்கொடுத்தால் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் பார்க்கிறது. ஐசக்ஸின் மரபு வேறு வடிவில் மீண்டிருக்கிறது என்றே இதைக் கொள்ளலாம்.

6. தமிழ்க் குழந்தைகளும் இந்த வரலாறும்

1981ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1983இல்தான் இலங்கையில் நடந்த ஜூலை வன்முறையால் ஈழத்தமிழர் பெருந்தொகையாகப் புலம்பெயரத் தொடங்கினர். லண்டனின் பிரென்ட், ஹாரோ, நியூஹாம் பகுதிப் பள்ளிகளில் அவர்களது பிள்ளைகள் சேர்ந்தனர். வீட்டில் தமிழ் பேசும் ஐந்து வயதுப் பிள்ளை வகுப்பில் மௌனமாயிருந்தால், அது புதிய மொழியின் தொடக்கக்கால மௌனமா, பேச்சு வளர்ச்சியில் தாமதமா, போர் கண்ட குடும்பத்தின் அச்சமா? மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். மூன்றுக்கும் தேவையான உதவி வேறு. ஆங்கிலத் தேர்வு மட்டும் இதைப் பிரித்தறியாது. இரு மொழியிலும் குழந்தை என்ன பேசுகிறது என்பதைத் தாய், பாட்டி, மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டறியும் திறன் வேண்டும். பயிற்சியின் விளிம்பில் ஒரு பாடமாக இதை வைத்தால் போதாது. இதுவே அதன் நடுவில் இருக்க வேண்டும்.

முடிவுரை

லண்டன் வரலாறு காட்டும் உண்மை இது: பயிற்சியின் நீளத்தைவிட, தன் அளவுகோலையே சோதிக்கும் மனத்தை அது தருகிறதா என்பதே முக்கியம். அந்த மனம் பயிற்சிக்குள் நுழைய, பாதிக்கப்பட்ட சமூகங்கள் வெளியிலிருந்து குரல் எழுப்ப வேண்டியிருந்தது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை அங்கீகரித்துள்ளது. இங்கும் பொறுப்பு வந்துவிட்டது. தமிழ் பேசும் குழந்தையைத் தமிழில், அதன் வட்டார வழக்கை அறிந்து மதிப்பிடத் தெரிந்தவர்களை உருவாக்குவது நம் பல்கலைக்கழகங்களின் உடனடிக் கடமை. 1913க்கும் 2006க்கும் இடையில் லண்டன் குழந்தைகள் காத்திருந்ததுபோல நம் குழந்தைகளும் காத்திருக்க வேண்டியதில்லை.