வீட்டுக்குப் போகாதவர்கள்

போன மாதம் ஒருநாள் காலை ஆறு மணி. எங்கள் வார்டின் ஹவுஸ் சர்ஜன் பெண் ஒருத்தி என் முன்னால் வந்து நின்றாள். முந்தின நாள் காலை எட்டு மணிக்கு டூட்டி ஏறியவள். கையில் ரத்த மாதிரிகள் அடுக்கிய டிரே.

"அக்கா, ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. டூட்டி இல்லாத நாள்லகூட. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. நீங்கள்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?"

நான் கேஸ் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்க காலத்துல இதைவிட மோசம்மா. போகப்போகப் பழகிடும்" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். லிஃப்டில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இதே வாக்கியத்தை, ஏறக்குறைய இதே தொனியில், என் பி.ஜி. சீனியர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அவருடைய சீனியர் சொல்லியிருப்பார். இது எங்கிருந்துதான் கிளம்பி வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். எம்.பி.பி.எஸ். முடித்ததும் செய்யும் ஓராண்டுப் பயிற்சிக்குத் தமிழ்நாட்டில் சி.ஆர்.ஆர்.ஐ. என்று பெயர். அதில் இரண்டாவது 'ஆர்' ரெசிடென்ஷியல், அதாவது அங்கேயே தங்கியிருப்பது. ஹவுஸ் சர்ஜன் என்பது பிரிட்டிஷ்காரர்கள் விட்டுச்சென்ற சொல். அதில் வரும் 'ஹவுஸ்' நம் வீடு இல்லை, ஆஸ்பத்திரி. பி.ஜி. மாணவர்களை ரெசிடென்ட் என்பது அமெரிக்க வழக்கம். மூன்று பெயருக்கும் பொருள் ஒன்றுதான்: இவர் வீட்டுக்குப் போகமாட்டார்.

அந்த அமெரிக்க வழக்கம் உருவான ஊர் பால்டிமோர். 1889-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை அங்கே திறக்கப்பட்டது. அதன் அறுவைசிகிச்சைத் துறைக்குத் தலைவராக வந்த வில்லியம் ஹால்ஸ்டட் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் பார்த்ததை வைத்து ஒரு பயிற்சிமுறையை அமைத்தார். மாணவர் மருத்துவமனையிலேயே வசிக்க வேண்டும். எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்வது விரும்பத்தக்கதல்ல. பயிற்சி எத்தனை ஆண்டுகளில் முடியும் என்பது ஆசிரியரின் கையில். கீழே பலர் சேர்வார்கள், ஆண்டுதோறும் சிலர் கழிந்துபோக, உச்சியில் ஒருவர் நிற்பார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அவருடைய காலத்தில் அப்படி உச்சிக்கு வந்த தலைமை ரெசிடென்ட்கள் 17 பேர். அவர்களில் பலர் அமெரிக்காவின் பெரிய மருத்துவப் பள்ளிகளில் பேராசிரியர்களாகி, இதே முறையைக் கையோடு எடுத்துப் போனார்கள்.

ஹால்ஸ்டட் சாதாரண ஆள் இல்லை. மெதுவாக, ரத்தம் சிந்தாமல், திசுவை நோகடிக்காமல் அறுவைசிகிச்சை செய்யக் கற்றுக்கொடுத்தவர். அறுவை அரங்குக்கு ரப்பர் கையுறை வந்ததும் அவரால்தான். கிருமிநாசினியால் கை புண்ணான ஒரு செவிலிக்காக அதைச் செய்வித்தார். பிறகு அவரையே மணந்துகொண்டார்.

அவருக்கு இன்னொரு கதையும் உண்டு. 1884-ல் கோகெய்ன் கண்ணை மரத்துப்போக வைக்கும் என்று கார்ல் கோலர் கண்டுபிடித்த செய்தி நியூயார்க்கை எட்டியது. அங்கே இளம் மருத்துவராக இருந்த ஹால்ஸ்டட் தன் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்தார், உடனிருந்தவர்களும் சோதித்தார்கள். நரம்பை மரக்கவைக்கும் முறை கிடைத்தது, கூடவே அடிமைத்தனமும் வந்தது. 1885-ல் கோகெய்ன் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் படித்தால், முதல் வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று புரியாது. இரண்டு முறை மனநல மருத்துவமனையில் இருந்தார். கோகெய்னை விடுவிக்க மார்ஃபின் கொடுத்தார்கள், அது கடைசிவரை கூடவே தங்கிவிட்டது.

இணையத்தில் இந்தக் கதையை ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள்: 'தூங்காத டாக்டர் முறையை உண்டாக்கியவர் ஒரு கோகெய்ன் அடிமை.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு பார்ட்டியில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் அப்படி நேர்க்கோடு போட முடியாது. ஜெர்மனியின் கடுமை அவருக்கு முன்பே இருந்தது. மலிவாகக் கிடைக்கும் இளம் உழைப்பு எந்த மருத்துவமனைக்கும் கசக்காது.

என்னை உறுத்தியது வேறு. ஹால்ஸ்டட் ஆண்டுக்குப் பல மாதங்கள் விடுப்பில் போனார். கோடை முழுக்க வடகரோலினா மலையிலோ ஐரோப்பாவிலோ கழிப்பார். அந்நாட்களில் வார்டைத் தாங்கியவர்கள் ரெசிடென்ட்கள். ஓய்வில்லாத முறையை அமைத்தவர் ஓய்வெடுத்தார். அவருக்கு ஓய்வு தேவைப்பட்டது என்பதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சக பேராசிரியர் வில்லியம் ஆஸ்லருக்கு மார்ஃபின் விஷயம் தெரியும். அதை ஒரு ரகசியக் குறிப்பில் எழுதிப் பூட்டி வைத்தார். ஆஸ்லர் 1919-ல் இறந்தார், ஹால்ஸ்டட் 1922-ல். அந்தக் குறிப்பு வெளியானது 1969-ல்தான். நோயுற்ற மருத்துவர் தன் நோயை மறைக்க வேண்டும், நண்பர்கள் அதற்கு உதவ வேண்டும். அந்த மருத்துவமனை கற்றுத்தந்த பாடங்களில் இதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஓர் இரவு. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். இருபது மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தேன். மூச்சுத்திணறலோடு ஒரு பெரியவர். ஃபுரோசமைட் ஊசி போடச் சொல்லியிருந்தார்கள். ஆம்பியூலை உடைத்து, சிரிஞ்சில் ஏற்றி, அவர் கையருகே குனிந்துவிட்டேன். அந்த வார்டின் சீனியர் நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார். சத்தம் போடவில்லை. "டாக்டரம்மா, கையில என்ன இருக்குன்னு ஒருதரம் பாருங்க."

பொட்டாசியம் குளோரைடு. நீர்க்க வைக்காமல் நேராக நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும்.

அவர் அதை வாங்கிக் குப்பையில் போட்டார். சரியான ஊசியைப் போட்டார். "போய் மூஞ்சி கழுவிட்டு வாங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு எனக்கும் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அந்தக் கை. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் 'கவனமில்லாதவள்' என்று முத்திரை விழும் என்று பயம்.

என்னைத் தடுக்க ஒரு கை இருந்தது. 1984 மார்ச் 4 இரவு நியூயார்க்கில் அப்படி யாரும் இல்லை. லிபி ஸயன் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடும் உடல் நடுக்கத்தோடும் மருத்துவமனையில் சேர்ந்தார். மனச்சோர்வுக்காக ஃபெனல்ஸின் என்ற மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர். அவருக்குப் பெத்திடின் ஊசி போடப்பட்டது. இரண்டும் சேரக் கூடாத மருந்துகள். அன்றிரவு அவரைப் பார்த்துக்கொண்ட முதலாண்டு மருத்துவரின் பொறுப்பில் சுமார் 40 நோயாளிகள். விடியும்போது காய்ச்சல் 42 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறியிருந்தது. லிபி இறந்துபோனார்.

மரணத்தின் சரியான காரணம் எது என்று நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வாதாடினார்கள். ஆனால் அவருடைய தந்தை சிட்னி ஸயன், வழக்கறிஞரும் பத்திரிகையாளருமானவர், கேள்வியை மாற்றிக் கேட்டார். அந்த டாக்டர் என்ன தவறு செய்தார் என்பதோடு அவர் நிற்கவில்லை. இப்படி விழித்திருப்பவரிடம் நோயாளியை ஒப்படைத்தது யார் என்று கேட்டார். 1986-ல் கிராண்ட் ஜூரி மருத்துவர்கள் மேல் குற்றவழக்குப் போடவில்லை, பயிற்சிமுறையைக் கண்டித்தது. 1989-ல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2003-ல் 80 மணி நேர வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் வந்தது.

பிறகு அளந்தும் பார்த்தார்கள். 24 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.10 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போலக் குறைகிறது என்று 1997-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் ஊரில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 0.03 வரைதான். அந்த நிலையில் ஸ்கூட்டி ஓட்டினால் போலீஸ் பிடிக்கும், ஊசி போட்டால் 'டெடிகேஷன்' என்பார்கள்.

இந்தியாவில் விதியே இல்லை என்று நினைத்திருந்தேன். இருக்கிறது. 1992-ல் மத்திய அரசு வெளியிட்ட ரெசிடென்சி திட்டம் ஒரு நாளில் தொடர்ச்சியான பணி 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிஞ்சைக் கையில் பிடித்த இரவிலும் அந்த விதி உயிரோடுதான் இருந்தது, எங்களில் யாருக்கும் தெரியாமல். 2023-ன் முதுநிலைக் கல்வி விதிகளில் மணிக்கணக்கு எதுவும் இல்லை. 'நியாயமான' வேலை நேரம், 'நியாயமான' ஓய்வு என்று இருக்கிறது. நியாயம் எத்தனை மணி நேரம் என்பதைத் துறைத்தலைவர்தான் சொல்ல வேண்டும்.

2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு ஒரு அறிக்கை கொடுத்தது. அதன் இணையவழிக் கணக்கெடுப்பில் 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் பங்கேற்றார்கள். இளநிலையில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை கண்டறியப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். முதுநிலையில் சுமார் 31 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம், ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான்.

எண்களைப் படித்தபோது என் முன்னால் நின்றது அந்த டிரேதான்.

அடுத்த வாரம் அவளைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டேன். டீ வந்ததும் பொட்டாசியம் கதையைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தரிடம் சொல்கிறேன். அவள் டீயைத் தொடவில்லை. "உங்களுக்கா அக்கா?" என்றாள். "எனக்குத்தான்."

கொஞ்ச நேரம் கழித்து, "சைக்கியாட்ரி ஓ.பி.க்குப் போகலாம்னு நினைச்சேன். சீட்டுல என் பேரைப் பார்த்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே" என்றாள். ஆஸ்லரின் பூட்டிய குறிப்பு ஞாபகம் வந்தது. டெலி மானஸ் எண் 14416-ஐ அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். வேறு ஆஸ்பத்திரியில் இருக்கும் என் பேட்ச் மேட் ஒருத்தியின் பெயரையும் சொன்னேன், அவள் மனநல மருத்துவர். "தனியாப் போகாத, நானும் வரேன்" என்றேன்.

வியாழக்கிழமை போனோம். அவள் உள்ளே பேசிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரமும் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த மாத டூட்டி சார்ட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் யூனிட்டில் இரவு டூட்டி முடித்தவர் காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று அதில் எழுதினேன். சீஃப் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. "எங்க காலத்துல" என்றுதான் தொடங்குவார். எனக்கும் ஒரு காலம் இருந்தது சார், அதில் என்ன நடந்தது தெரியுமா என்று இந்தமுறை சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.