பட்டா யார் பெயரில்?

போன மார்கழியில் எங்கள் முதுகலை மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். காரமடைக்குப் பக்கத்துக் கிராமம். அவளுடைய அம்மா சிறுமுகையில் நெய்கிற சேலைகளை எடுத்துவந்து தெரிந்தவர்களுக்குத் தவணையில் கொடுப்பவர். யாருக்கு எந்தச் சேலை, எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் ஒரு டைரியில் இருந்தது. அதை மகள் செல்பேசிச் செயலியாக மாற்றியிருந்தாள். தமிழிலக்கியம் படிக்கிற பெண்ணுக்கு நிரல் எழுதத் தெரியாது. திரையில் பொத்தான்களையும் கட்டங்களையும் இழுத்து வைத்தாலே செயலி உருவாகிவிடும்படியான ஓர் இணையக் கருவியைக் கொண்டு அவள் அதைச் செய்திருந்தாள். அந்தக் கருவியை உருவாக்கிய சிறு நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று இப்போது வாங்கிவிட்டது. மூன்று மாதத்தில் சேவை நின்றுவிடும் என்று மின்னஞ்சல் வந்திருந்தது.

“அம்மா ரெண்டு வருசமா பதிஞ்சு வெச்சதெல்லாம் போயிருமுங்களா மேடம்?”

மின்னஞ்சலைக் காட்டச் சொன்னேன். அது அவளிடம் இல்லை. கணக்கைத் தொடங்கியபோது அவளிடம் சொந்தமாகச் செல்பேசி கிடையாது. அண்ணனின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தாள். எச்சரிக்கை அண்ணனுக்குப் போய், அவர் ஒரு மாதம் கழித்துத்தான் திறந்து பார்த்திருக்கிறார்.

எனக்கு இது புதிய கதையாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் களையெடுப்பதும் மாட்டைப் பார்ப்பதும் பெண்கள்தான். பட்டா மட்டும் அப்பா பெயரிலிருந்து அண்ணன் பெயருக்குப் போகும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தது. 2005இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. அதன் பிறகும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாய்வீட்டில் ஒருவேளை சோறு உண்டு திரும்பும் பெண்களை நமக்குத் தெரியும். உழைத்தவளுக்கும் உரியவருக்கும் இடையிலான இந்தத் தூரம் கணினியின் வரலாற்றிலும் இருக்கிறது. அதிலும் குறிப்பாக, கணினியை எல்லாருக்கும் எளிதாக்கிய வரலாற்றில்.

1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எனியாக் என்ற கணினி உலகுக்கு அறிமுகமானது. அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அறிமுக நாளின் செயல்விளக்கத்துக்கான நிரலை உருவாக்கியவர்கள் அவர்களில் இருவரான ஜீன் பார்ட்டிக்கும் பெட்டி ஹோல்பர்ட்டனும். அன்றிரவு நடந்த விருந்துக்கு அந்தப் பெண்கள் அழைக்கப்படவில்லை. கம்பிகளைச் செருகும் வேலை எழுத்தர் வேலையாகவே பார்க்கப்பட்டது.

எனியாக்கை வடிவமைத்த எக்கர்ட், மாக்லி இருவரும் பிறகு சொந்தமாக நிறுவனம் தொடங்கினார்கள். இன்றைய சொல்லில் அது ஒரு ஸ்டார்ட்அப். பார்ட்டிக்கும் ஹோல்பர்ட்டனும் அங்கே சேர்ந்தார்கள். 1949இல் கிரேஸ் ஹாப்பரும் வந்தார். மறு ஆண்டே பணமுடையில் அந்த நிறுவனம் விற்கப்பட்டது. வாங்கியது தட்டச்சுப் பொறி விற்றுப் பெரிதாகியிருந்த ரெமிங்டன் ராண்ட். 1951இல் பார்ட்டிக் வேலையை விட்டார். ஹாப்பர் இருந்து போராடினார்.

எண்களால் மட்டும் கட்டளையிட்டுக்கொண்டிருந்த காலத்தில், சாதாரண ஆங்கிலச் சொற்களால் கணினியிடம் வேலை வாங்கலாம் என்றார் அவர். கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்று மறுத்துவிட்டார்கள். அவர் செய்து காட்டினார். அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களாலும் ஜெர்மன் சொற்களாலும் எழுதிக் காட்டியபோது நிர்வாகம் மிரண்டதாகப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். அமெரிக்காவில் செய்த கணினிக்குப் பிரெஞ்சு எப்படிப் புரியும் என்பது அவர்களுடைய கவலை. இயந்திரத்துக்கு எந்த மொழியும் வெறும் குறிதான் என்பது ஹாப்பருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய ஃப்ளோமேட்டிக் மொழியிலிருந்தே 1959இல் வணிகக் கணக்குகளுக்கான கோபால் மொழியின் பெரும்பகுதி பிறந்தது. நிரலாளர் அல்லாதவரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி நிரல் இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அவர் முன்னோடி. என் மாணவி இழுத்து வைத்த பொத்தானுக்கு அவர் பாட்டி முறை.

சொல்லுக்குப் பிறகு படம் வந்தது. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுமையத்தில் அடேல் கோல்ட்பெர்க் ஸ்மால்டாக் என்ற மொழியை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர். திரையில் சன்னல்கள், பட்டியல்கள், சுட்டி எல்லாம் கொண்ட சூழல் அது. குழந்தைகளும் நிரல் எழுத வேண்டும் என்பது அக்குழுவின் கனவு. 1979 டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸும் ஆப்பிள் பொறியாளர்களும் அதைப் பார்க்க வந்தார்கள். காட்டக்கூடாது என்று கோல்ட்பெர்க் மணிக்கணக்காக வாதாடினார். ஆனால் பேரம் அவர் தலைக்குமேல் முடிந்திருந்தது: ஆப்பிளின் பங்குகளை வாங்கிக்கொள்ள ஜெராக்ஸுக்கு வாய்ப்புத் தரப்பட்டிருந்தது. மேலிடம் உத்தரவிட்டது; அவர் காட்டினார். இன்று அந்தச் சன்னல்களைப் பற்றிப் பேசும்போது ஜாப்ஸ் பெயர் வருகிறது. கோல்ட்பெர்க் பெயரை என் வகுப்பில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

இணையம் வந்தபின் இந்தப் பேரங்கள் வேகமெடுத்தன. நிரல் தெரியாமலே வலைப்பக்கம் செய்ய உதவிய ஃப்ரன்ட்பேஜ் கருவியை உருவாக்கியது வெர்மீர் என்ற சிறு நிறுவனம். 1996 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. பிளஸ் டூ முடித்துவிட்டுக் கணினி மையத்துக்குப் போன என் தலைமுறைப் பெண்கள் பலர் அதில்தான் முதல் வலைப்பக்கம் செய்தோம். “இது நிஜமான புரோகிராமிங் இல்லை” என்று உடன் படித்த பையன்கள் சிரித்தார்கள். பெண்கள் கைக்கு வந்ததும் வேலை எளிதாகிவிடுகிறது. எளிதானதும் மதிப்புப் போய்விடுகிறது. அதே எளிமையைப் பெரிய நிறுவனம் வாங்கும்போது மட்டும் அதன் விலை கோடிகளில்.

நம் ஊரிலும் வாங்கல் விற்றல் உண்டு. 2014 ஜனவரியில் ஃபேஸ்புக் இந்தியாவில் முதல்முதலாக வாங்கிய நிறுவனம் பெங்களூரின் லிட்டில் ஐ லேப்ஸ். செயலி உருவாக்குவோருக்கான கருவி செய்த சிறு குழு அது. அவர்களை அமெரிக்கத் தலைமையகத்துக்கே அழைத்துக்கொண்டது ஃபேஸ்புக். சென்னையின் ஃபிரெஷ்டெஸ்க் 2015இல் ஃப்ரில்ப், கோனோட்டர் ஆகிய சிறு நிறுவனங்களை வாங்கியது. விற்பது பாவமில்லை. உழைத்த இளைஞர்கள் கையில் நாலு காசு பார்ப்பது நல்லதுதான். ஆனால் பேரம் நடக்கும் மேசையில் ஒரு நாற்காலி எப்போதும் இல்லை: அந்தக் கருவியை நம்பிக் கணக்கெழுதியவருடைய நாற்காலி.

2020 ஜனவரியைப் பாருங்கள். நிரலின்றிச் செயலி செய்யும் ஆப்ஷீட் நிறுவனத்தை கூகுள் வாங்கியது. அதே மாதம், தன்னுடைய ஆப் மேக்கர் கருவியை அடுத்த ஆண்டு மூடுவதாக அறிவித்தது. அதில் செய்த செயலிகளை அப்படியே வேறிடத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. தரவை எடுத்துக்கொள்ளலாம், செயலியைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது சாமான்களை எடுத்துக்கொள்ளலாம், சுவரை எடுக்க முடியாது அல்லவா? வாடகை வீடு என்று அப்போதுதான் தெரியும்.

சென்னையில் 2006இல் வந்த ஜோஹோ கிரியேட்டரும் இதே வகைக் கருவி. அதன் நிறுவனம் இன்றுவரை விற்கப்படவுமில்லை, பங்குச்சந்தைக்குப் போகவுமில்லை. நல்ல செய்திதான். ஆனால் விற்காமலிருப்பது உரிமையாளரின் முடிவு. பயன்படுத்துபவளின் உரிமை அல்ல.

வேறு வழியும் உண்டு. வண்ணக் கட்டைகளைப் பொருத்திச் செயலி செய்யும் ஆப் இன்வென்டரை 2010இல் வெளியிட்ட கூகுள், 2011 முடிவில் அதைக் கைவிட்டது. ஆனால் மூலநிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டது, எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2012இல் அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. சில ஆண்டுகளில், தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் மும்பை தாராவியில், பள்ளிச் சிறுமிகள் அதே கருவியால் செயலிகள் செய்தார்கள். ஆபத்து நேரத்தில் எச்சரிக்கை ஒலி எழுப்பி, இருக்குமிடத்தைத் தெரிவிக்க ஒன்று. தண்ணீர் பிடிக்க முறை வந்ததைச் சொல்ல ‘பானி’ என்று இன்னொன்று. குடத்தோடு வரிசையில் நிற்பவள் கருவி செய்தால் எதைச் செய்வாள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அந்தக் கருவி ஒரு கம்பெனியின் கைப்பிடிக்குள்ளேயே இருந்திருந்தால் 2011 டிசம்பரோடு முடிந்திருக்கும்.

கருவியைத் தொடும் முன் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லி இப்போது வகுப்பில் சொல்கிறேன். போட்டதை வெளியே எடுக்க முடியுமா? நடத்துபவர் நிறுத்தினால் வேறு யாராவது நடத்த முடியுமா? கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

அந்த மாணவியின் அம்மாவுடைய கணக்குகள் தப்பின. அண்ணனிடம் கடவுச்சொல் வாங்கி, எல்லாவற்றையும் அட்டவணையாக இறக்கி, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்தாள். படிவங்களும் பொத்தான்களும் போய்விட்டன. அவற்றை வேறொரு திறந்த கருவியில் மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த முறை மின்னஞ்சல் முகவரி கேட்ட இடத்தில் அம்மாவுக்குப் புதிதாக ஒன்று தொடங்கிக் கொடுத்திருக்கிறாள். கடவுச்சொல்லை அம்மாவே தேர்ந்தெடுத்தாராம். மகளிடம்கூடச் சொல்லவில்லையாம்.