மாத்தளை மாரியும் மலையகச் சமுதாய மாற்றமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களை நாடிய தமிழகத் தொழிலாளர், மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். அம்மையாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். நோய் தீர்க்கும் மாரியம்மன் வழிபாடு அவரிடையே முதன்மை பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணமெனலாம்.

1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தது. ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலை பரவவே, பருவந்தோறும் வந்து மீண்டவர் நிலைகுடிகளாயினர். அவர்தம் தெய்வமும் உடன் நிலைகொண்டது.

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அக்குறையின் எச்சம் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீடித்தது. எனினும் முத்துமாரியம்மனின் மாசிமகப் பஞ்சரத பவனி மாத்தளை வீதிகளில் நடந்தது. 1983 இல் தேர்கள் எரியூட்டப்பட்டன; பின்னர்ப் புதிய தேர்கள் எழுந்தன. குடியுரிமைப் பத்திரம் மறுக்கப்பட்ட மக்கள், இம்மண் தமக்கும் உரியதென்பதைத் தேர்வடம் பிடித்தே உணர்த்தினர் என்பது இவ்வரலாறு புலப்படுத்தும் உண்மையாகும்.