விரைப்பையில் திடீர் வலி: அரிய இரத்தக்குழாய்க் காரணங்களைக் கண்டறிதல்

வளர்ந்த ஆண்களுக்கு விரைப்பையில் திடீரென வலி ஏற்பட்டால், அது பெரும்பாலும் கிருமித்தொற்றாகவே இருக்கும். ஆயினும், விரைக்குச் செல்லும் இரத்தம் தடைபட்டாலும் இதே வலி தோன்றும். நம் கரிசல் பகுதியில் இதனை உடற்சூடு என்று எண்ணி, விளக்கெண்ணெய் தடவி, இளநீர் அருந்தி ஓரிரவு பொறுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த ஓரிரவிலேயே விரையை இழக்க நேரிடலாம்.

மருத்துவர் முதலில் ஐயுறுவது விரை முறுக்கத்தையே. சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் மிகுதியெனினும், 40 வயதிலும் இது வரக்கூடும். 6 மணி நேரத்திற்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றலாம். ஐயம் வலுவாக இருப்பின் ஸ்கேனுக்குக்கூடக் காத்திருப்பதில்லை.

மற்றவர்களுக்கு இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் செய்யப்படும். இதில் கதிர்வீச்சு இல்லை. விரையின் ஒரு பகுதியில் மட்டும், ஆப்பு வடிவில், இரத்த ஓட்டம் அற்றிருந்தால் அப்பகுதித் திசு இறந்திருக்கலாம். புற்றுக்கட்டியும் சில வேளைகளில் இதுபோல் தோன்றுவதால், எம்.ஆர்.ஐ. எடுத்தோ, சில வாரங்கள் கழித்து மீண்டும் ஸ்கேன் செய்தோ உறுதி செய்வர். திசு இறப்பே என உறுதியானால், பெரும்பாலும் விரையை அகற்ற வேண்டியதில்லை.

விரைக்கு மேலுள்ள சிரைகளில் இரத்தம் உறைவதும் உண்டு. அவ்விடம் கயிறுபோல் தடித்து வலிக்கும். இடப்பக்க விரையின் சிரை சிறுநீரகச் சிரையில் சேர்கிறது. ஆகவே நடுவயதுக்குப் பின் அங்கு புதிதாகப் புடைப்புத் தோன்றினால் சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும்.

விரை வலியுடன் நீடித்த காய்ச்சல், எடை குறைதல், கால் மரத்தல், உயர் இரத்த அழுத்தம் ஆகியவை இருந்தால் இரத்தக்குழாய் அழற்சியை ஐயுற்று, ஹெபடைடிஸ் பி உள்ளிட்ட இரத்தப் பரிசோதனைகள் செய்யப்படும். 60 வயது கடந்த, புகைப்பழக்கம் உள்ளவருக்கு முதுகிலிருந்து விரைப்பைக்கு வலி இறங்கி மயக்கமும் வந்தால், வயிற்றுப் பெருந்தமனியின் வீக்கம் வெடித்திருக்கலாம். இது உயிருக்கே ஆபத்து.

கூச்சத்தால் ‘அடிவயிற்று வலி’ என்று மட்டும் கூறி மாத்திரை பெற்றுச் செல்வோரை வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். வலியின் இடத்தையும் அது தொடங்கிய நேரத்தையும் தெளிவாகக் கூறுங்கள். தொற்றுக்கான மருந்து உட்கொண்டும் 3 நாட்களில் வலி குறையாவிடில், மீண்டும் வந்து டாப்ளர் ஸ்கேன் தேவையா எனக் கேளுங்கள்.

மணியாச்சி ரயில் சந்திப்புதான். எனினும் இவ்வலிக்கு ரயிலை எதிர்பார்த்து நிற்க வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அருகில் அறுவை சிகிச்சை வசதி இல்லையெனில், தூத்துக்குடி அல்லது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், வழியில் எதுவும் உண்ண வேண்டாம்.