நிலவுக்குப் போன குண்டு

2023 ஓகஸ்ட் 31. நிக்கினிப் போயாவுக்கு மறுநாள். எங்கள் கரம்பொன் பனைகளுக்கு மேலே எழும்பிய நிலவில் அப்போது ஓர் உலோகக் குண்டு நின்றது. குறுக்களவு 5 சென்ரிமீற்றர். நல்ல பருத்த தேசிக்காய் அளவு. அது அனுப்பிய முதற்கணக்கை இஸ்ரோ அன்றுதான் வெளியிட்டது.

குண்டின் பெயர் ரம்பா. பிறந்த இடம் திருவனந்தபுரம், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வுகூடம். அந்த மையம் இருப்பது தும்பாவில். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்த மீனவக் கிராமத்தில் 1963இல் ரொக்கெற் தளம் அமைத்தார்கள். அந்தக் கோடு இலங்கைக்கு மேலாகவும் போகிறது. எங்கள் தலைக்கு மேலே நூறு கிலோமீற்றர் உயரத்தில் பகலெல்லாம் ஓடும் மின்னோட்டத்தை ஆராய, இதே இனக் குண்டுகளைத் தும்பாவிலிருந்து ரொக்கெற்றுகளில் ஏற்றினார்கள்.

களங்கடலில் கோலை ஊன்றி ஆழம் பார்ப்போமே, அதுபோலத்தான் இந்தக் குண்டின் வேலையும். அளக்கும் பொருளுக்குள் நேரே இறங்கவேண்டும். குண்டுக்கு மைனஸ் 12 தொடங்கிப் பிளஸ் 12 வோல்ற் வரை படிப்படியாக மின்னழுத்தம் கொடுப்பார்கள். ஒவ்வொரு படியிலும் அதில் வந்து சேரும் மின்னோட்டத்தைப் பார்த்தால், சுற்றியுள்ள இலத்திரன்களின் எண்ணிக்கையும் வெப்பநிலையும் தெரியவரும். அமெரிக்கர் இர்விங் லாங்மியூர் நூறாண்டுக்கு முன் கண்ட வழி இது. இலத்திரன்கள் பிரிந்து மிதக்கும் வாயுவுக்குப் பிளாஸ்மா என்ற பெயரை வைத்தவரும் அவரே.

2019இல் சந்திரயான்-2இன் இறங்குகலம் நிலவின் தரையில் மோதியபோது அதிலிருந்த மூத்த ரம்பாவும் அழிந்தது. இளையது அடுத்த சந்திரயான் கலத்தில் 2023 ஜூலை 14 ஸ்ரீஹரிகோட்டாவில் புறப்பட்டு, ஓகஸ்ட் 23 தென்துருவப் பக்கம் இறங்கியது. கலத்தின் மின்னேற்றம் அளவைக் கெடுத்துவிடும் என்பதால், ஒரு மீற்றர் நீளக் கையை நீட்டி அதன் நுனியில் குண்டைத் தள்ளிப் பிடித்தார்கள். இந்தக் கை எனக்கு மிகவும் பிடிக்கும்; அளப்பவன் தன் நிழல் விழாமல் அளப்பதற்கான ஏற்பாடு அது.

நிலவின் காலைப் பொழுதில் கிடைத்த முதற்கணக்கு, கன சென்ரிமீற்றருக்கு 5 முதல் 30 இலத்திரன். கலம் செப்ரெம்பர் 4 உறங்கப்போனது, பிறகு விழிக்கவில்லை. தரவுகளை ஆறுதலாக ஆராய்ந்து பின்னர் சொன்ன கணக்கு 380 முதல் 600. கரம்பொன் காற்றில் அதே இடத்துக்குள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கும். நிலவின் அந்த இலத்திரன்களின் வெப்பநிலை 3000 முதல் 8000 கெல்வின். ஆனாலும் அவற்றின் நடுவே கையை நீட்டினால் அவற்றின் சூடு தெரியாது. சுடுவதற்கு அங்கே அவ்வளவு இலத்திரன் இல்லை.